நாற்பது கண்ணாடி

குர்ஷித் பேகத்தின் வச்சிரக் கொட்டகையில் அடுப்பு எரிந்து நான்கு நாளாகிவிட்டது. விறகு வரவில்லை. ஊரில் விறகுக்கா பஞ்சம்? வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம், எண்ணி முப்பதடி தூரத்தில், சிறுமலையிலிருந்து வெட்டி இறக்கிய கட்டை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடந்தது. அது அவள் புருஷனின் அண்ணன் முகமது பாரூக்கின் விறகுத் தொட்டி. அவளுக்கு ஒரு சுள்ளிகூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டவரும் அவர்தான். திண்டுக்கல்லில் மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் அவரிடம் கட்டை எடுத்து விற்கிறவர்கள். அவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

வச்சிரம் என்றால் தச்சர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டுகிற பசை. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேண்டாம் என்று கழித்துப் போடுகிற காது, வால், ஓரத்துண்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து சுண்ணாம்புக் குழியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, அலசி, பெரிய இரும்புக் கொப்பரையில் நாள் முழுக்கச் சூடு காட்ட வேண்டும். தளதளவென்று கொதித்தால் பசை செத்துவிடும். சூடு குறைந்தால் தோல் கரையாது, அழுகிவிடும். விரலை வைத்தால் எடுக்கத் தோன்ற வேண்டும், அலறத் தோன்றக்கூடாது. அந்தப் பதம் குர்ஷித்துக்குக் கை வந்தது. புருஷன் ரஹ்மத்துல்லா உயிரோடிருந்த போதே கொப்பரைப் பக்கம் அவள் ராஜ்யம்தான்.

ரஹ்மத்துல்லா போனது போன ஆடி மாதம். சிறுமலைப் பாதையில், சாரல் மழையில், அண்ணனுடைய விறகு லாரி வளைவில் நிற்காமல் உருண்டது. கட்டைகளுக்கு அடியிலிருந்து அவனை எடுக்கவே பாதி நாளாயிற்று. டிரைவர் கருப்பணன் கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று பாரூக் சொல்ல, கோர்ட்டில் அதுவே நின்றது. கருப்பணன் உள்ளே போனான். குர்ஷித் வெளியே வராமல் துக்கம் காத்து இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் அந்தக் கருப்பணன் பெயரைச் சொல்லித்தான் சபித்தாள். இத்தா முடிந்த மறுநாளே கொட்டகைக்கு வந்து குழியைக் கிளறினாள்.

தை மாதக் கடைசியில் ஒருநாள், ஜெயிலிலிருந்து விடுதலையாகி, ஒரு காலை இழுத்துக்கொண்டு கருப்பணன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். குர்ஷித் கையிலிருந்த துடுப்பாலேயே அவன் தோளில் ஒன்று போட்டாள்.

"குடிச்சிட்டு வண்டிய ஓட்டி என் மாப்பிள்ளையக் கொன்னுட்டு, என் வாசல்லயே வந்து நிக்கிறியா?"

"அடிங்கம்மா. அடிச்சு முடிச்சிட்டு நான் சொல்றத மட்டும் கேட்டுக்கங்க" என்றான் அவன், நகராமல். "நான் குடிக்கிறவன்தான், இல்லேங்கல. அன்னைக்குக் குடிக்கல. மொத நாளே பெரிய பாய்கிட்ட சொன்னேன். பிரேக்கு புடிக்க மாட்டேங்குது, மிதிச்சா பலகையப் போயித் தொடுதுன்னு. 'ஒரே ஒரு லோடுடா, மழை புடிச்சா பாதை அடைச்சிரும்'னாரு. முடியாதுன்னேன். 'நீ இல்லேன்னா இன்னொருத்தன், அப்புறம் இந்தப் பக்கமே வராத'ன்னாரு. மூணு புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னம்மா செய்ய?"

"அவருக்குத் தெரியுமா? எங்க வீட்டவருக்கு?"

"சின்ன பாய்க்கு ஒண்ணுமே தெரியாதும்மா. எல்லா லோடுக்கும் முன்சீட்டுல ஏறி உக்காந்து வாரவரு பெரிய பாய்தான. அன்னைக்கு மட்டும் இடுப்பு வலின்னு சொல்லி, தம்பிய ஏத்திவிட்டாரு."

குர்ஷித் துடுப்பைக் கீழே வைத்தாள். அந்த இடுப்பு வலி அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அன்று சாயங்காலமே அந்த மனிதர் தம்பியின் மையத்துக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து, கபர்ஸ்தான் வரைக்கும் நிமிர்ந்து நடந்தாரே.

அன்றைக்கே பாதையைத் தாண்டித் தொட்டிக்குப் போனாள். பாரூக் கீற்றுக்கொட்டகைக்குள் மேஜை போட்டு உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மச்சான், அன்னைக்கு லாரில பிரேக்கு இல்லேன்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

குச்சி நின்றது. "எந்தக் குடிகாரன் ஓதினான்?"

"யாரு ஓதினா என்ன? தெரியுமா, தெரியாதா?"

"இந்தா பாரு குர்ஷித். தம்பி போயிட்டான், அது அல்லா எழுத்து. கொட்டகைய என்கிட்ட ஒப்படைச்சிட்டு வீட்டோட கெட, மூணு வேளச் சோறு நான் போடுறேன். பொம்பளைக்கு லாரிக் கேள்வியெல்லாம் எதுக்கு?"

"நான் சோறு கேக்கல. பதில் கேக்குறேன்."

"அடுப்பு எரியிற தைரியத்துலதான வாயும் எரியுது. எம்புட்டு நாளைக்கு எரியுதுன்னு பாப்போம்."

இப்படித்தான் விறகு நின்றது. குர்ஷித்துக்கு அடுப்பைப் பற்றிய கவலை பாதி. மீதி வேறொன்று. அவர் வாயால் அது வர வேண்டும். தெரிந்துதான் அனுப்பினேன் என்று அந்த மனிதர் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். பார்த்த சாட்சி கிடையாது, எழுத்துக் கிடையாது. அவர் வாய் ஒன்றுதான் உண்டு. அதை எப்படித் திறப்பது என்றே படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தாள். கெஞ்சித் திறக்க அவளுக்கு எண்ணமில்லை.

நான்காம் நாள் செபாஸ்தியம்மாள் டீச்சர் வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவள். உடைந்துபோன பூகோள உருண்டையை ஒட்ட அரைவீசை வச்சிரம் வேண்டும் என்று வந்தவள், கொப்பரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன குர்ஷித், கொப்பரை ஜில்லுன்னு கெடக்கு?"

கதையைக் கேட்டாள். கேட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"இம்புட்டு வெயிலைத் தலையில வாங்கிக்கிட்டு விறகு இல்லைங்கிற? டெல்லில சூரிய அடுப்பு செஞ்சு, அதுல சோறு பருப்பெல்லாம் ஆக்கியே காட்டிட்டாங்க. பேப்பர்ல வந்துச்சு. எகிப்து தேசத்துல ஒருத்தர் அம்பது வருஷம் முந்தியே கண்ணாடியா வரிசை கட்டி, அந்தச் சூட்டுல நீராவி எஞ்சினையே ஓட்டி வயலுக்குத் தண்ணி எறைச்சாரு. அப்புறம் சண்டை வந்து எல்லாம் போச்சு."

"கண்ணாடியிலயா எஞ்சின் ஓடும்?"

"ஒரு கண்ணாடி வெயிலைத் திருப்பி ஒரு எடத்துல விழ வை. ஒரு வெயில். பத்துக் கண்ணாடிய அதே எடத்துல திருப்பு. பத்து வெயில் ஒண்ணு மேல ஒண்ணு விழும். ஒனக்கு என்ன, எஞ்சினா ஓட்டணும்? வெந்நி போடுற சூடுதான வேணும்?"

அப்படி ஆரம்பித்தது. படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் மிஞ்சிய துண்டு, பழைய பீரோவில் கழற்றியது, சலூனில் ரசம் போகத் தொடங்கியது என்று அடிக்கு அடி சதுரமாக எண்பது கண்ணாடி சேர்ந்தது. வச்சிரம் வாங்குகிற தச்சர்கள் எட்டு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார்கள். சட்டத்துக்குப் பத்துக் கண்ணாடி. நடுவில் முளைக்குச்சியில் சட்டம் நிற்கும், கையால் பிடித்து எந்தப் பக்கமும் திருப்பலாம். சூரியன் சும்மா இருக்கிறதில்லையே, நான்கு நிமிஷத்துக்கு ஒருதரம் சட்டத்தை நகர்த்த வேண்டும். அதற்குக் கருப்பணன் வந்து சேர்ந்தான். லைசென்ஸ் போன டிரைவருக்கு வேறு வேலை யார் தருவார்கள்? நொண்டிக்கொண்டே சட்டத்துக்குச் சட்டம் போவான்.

"நாலு சக்கரம் போயி எட்டுச் சக்கரம் கெடச்சிருக்கும்மா" என்பான்.

முதல் தடவை கண்ணாடிகளைச் சட்டத்தில் ஒட்டியது எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? அவளுடைய வச்சிரத்தை வைத்துத்தான். ஊரெல்லாம் தன் பசையைப் புகழ்கிறபோது ஆணி எதற்கு, கம்பி எதற்கு என்று குர்ஷித் பிடிவாதம் பிடித்தாள். நோன்பு மாதத்தின் நடுவில், மாசிப் பனி நன்றாக இறங்கிய ஒரு விடியலில், பனியில் ஊறிய பசை இளகி, பதினேழு கண்ணாடி ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தது. தோலில் பிறந்த பசை, தண்ணீரைக் கண்டால் தோலாகவே மாறிவிடும் என்று மற்றவர்களுக்குச் சொல்லி விற்கிறவள் அவள்தான். தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள்.

பாதைக்கு அந்தப் பக்கம் பாரூக் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, பாத்தியா? எங்க வீட்டு மருமக மூஞ்சி பாக்க எண்பது கண்ணாடி வாங்கிச்சு. மூஞ்சியப் பாத்ததும் அதுவே உடைஞ்சிருச்சு!"

தொட்டி ஆட்கள் சிரித்தார்கள். குர்ஷித் உடைந்ததைக் கூட்டி அள்ளினாள். கருப்பணன் சலூன் சலூனாகத் திரிந்து அந்தப் பதினேழுக்கும் ஈடு தேடிக்கொண்டுவந்து, தகரத்தை வெட்டிக் கொக்கி செய்து, சைக்கிள் டியூப் வாரை வைத்து அத்தனையையும் மறுபடி பூட்டினான்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், கொப்பரையின் கறுத்த வயிற்றில் எட்டுச் சட்டமும் ஒரே இடத்தில் வெயிலைக் கொட்டின. ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் விரலைச் சுட்டது. புகை இல்லை, சாம்பல் இல்லை. சூடு ஏறிப்போனால் ஒரு சட்டத்தைத் திருப்பி விட்டால் போதும், விறகில் இந்த நயம் கிடையாது. சாயங்காலம் வடித்த பசை தேன் நிறத்தில் இருந்தது. செபாஸ்தியம்மாள் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுபோனாள்.

குர்ஷித்துக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்தோடு அது நிற்கவில்லை. மறுநாள் கருப்பணன் ஒரு சட்டத்தை நகர்த்தும்போது கை தவறிவிட்டது. பத்துக் கண்ணாடி வெளிச்சமும் பாதையைத் தாண்டிப் பாய்ந்து, மேஜையில் இருந்த பாரூக்கின் முகத்தில் விழுந்தது. அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கத்தினார். குர்ஷித் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். படுக்கையில் புரண்டு புரண்டு தேடியது பட்டப்பகலில் கிடைத்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை, கொப்பரைச் சட்டத்திலிருந்து ஒரே ஒரு கண்ணாடியைக் கழற்றி, பாதையைப் பார்த்த மாதிரி புதிதாக நட்ட நான்கு சட்டங்களில் முதலாவதில் பூட்டினாள். உச்சிவெயிலில் அதைத் திருப்பினாள். தொட்டிக் கீற்றுக்கொட்டகையின் கூரையில், மேஜைக்கு நேர்மேலே, முறம் அளவுக்கு ஒரு வெளிச்சம் போய் உட்கார்ந்தது.

"என்ன வெளையாட்டு இது?" என்று பாரூக் எழுந்து வந்தார்.

"வெளையாட்டு இல்ல மச்சான். இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு ரெண்டு. நாளுக்கு ஒரு கண்ணாடி ஏத்துவேன். நாற்பது நாள்."

நாற்பது என்றதும் அவர் முகம் மாறியது. செத்தவர்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிற வீட்டில் பிறந்தவர். தம்பிக்கு அந்த நாற்பதைப் பள்ளிவாசலில் விருந்து வைத்து ஓதவைத்தவரும் அவரே.

"நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழம வருது" என்றாள் அவள். "அதுக்குள்ள ஒரு ஜும்மாவுல எந்திரிச்சு நின்னு, 'பிரேக்கு இல்லேன்னு தெரியும், தெரிஞ்சுதான் என் தம்பிய ஏத்திவிட்டேன், கருப்பணன் குடிக்கல'ன்னு சொல்லிருங்க. கண்ணாடிய எடுத்திர்றேன்."

"சொல்லலேன்னா?"

"கொப்பரைக்கு என்ன ஆகுதுன்னு தெனம் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க."

ஐந்தாம் நாள் அவர், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் ஜமாஅத் முத்தவல்லியிடம் போனார். "என் தொட்டி மேல வெயில் விழுதுங்க" என்று பிராது. முத்தவல்லி தாடியைத் தடவினார். "பாரூக், பங்குனி மாசத்துல யாரு தொட்டி மேலப்பா வெயில் விழல?" அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கதை. எதற்காக அந்தப் பெண் இப்படிச் செய்கிறாள் என்று ஏட்டு கேட்டார். பாரூக் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து வந்துவிட்டார்.

எட்டாம் நாள் மேஜையை நகர்த்திப் போட்டார். கருப்பணன் சட்டத்தை ஒரு விரல்கடை திருப்பினான். வெளிச்சமும் நகர்ந்தது. பதினைந்தாம் நாள் கூரைமேல் கோணிச்சாக்கைப் போட்டு மூடினார். இருபத்தைந்தாம் நாள் அந்தச் சாக்கு கருகத் தொடங்கிவிட்டது. தொட்டி ஆட்கள் அந்த மூலைப்பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். சூரியனோடு யார் மல்லுக்கு நிற்கிறது என்று இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். ஒவ்வொரு நாளும் உச்சியில் குர்ஷித் ஒரு கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு பாதையோரம் வரும்போது, அங்கே அந்த மனிதர் பல்லைக் கடிப்பது அவளுக்கு இங்கே கேட்பதுபோல இருக்கும். அந்த நேரத்துக்காகவே காலையிலிருந்து காத்திருப்பாள். சோறு அப்போதுதான் இறங்கும்.

ஆனால் ஒன்று. அங்கே ஏறுகிற ஒவ்வொரு கண்ணாடியும் கொப்பரையில் குறைகிற கண்ணாடி. புதிதாக வாங்கக் கையில் வழியில்லை. இருபது போனவரைக்கும் தெரியவில்லை. முப்பது போனதும், காலையில் ஏற்றிய தண்ணீர் மத்தியானம் தாண்டியும் வெதுவெதுப்பாகவே கிடந்தது. தோல் கரையாமல் கொழகொழத்தது. பசை கலங்கலாக வந்தது.

பாரூக் சும்மா இருக்கிற ஆளா? கண்டுகொண்டார். முப்பத்திரண்டாம் நாள் பாதைக்கு வந்து, மூக்கை உறிஞ்சிக் காட்டினார்.

"என்ன குர்ஷித், வாடை ஒரு தினுசா வருது? என் கூரை எரியிறதுக்குள்ள உன் கொப்பரை நாறிரும் போல. நாற்பது நாள் என்ன, எண்பது நாளும் நான் உக்காந்திருப்பேன். விறகு வேணும்னா மட்டும் சொல்லிவிடு."

அன்று சாயங்காலம் செபாஸ்தியம்மாள் வந்து சண்டை பிடித்தாள்.

"நான் இதுக்கா ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்? விறகு இல்லாம தொழில் நடக்கும்னு ஊருக்கே காட்டிட்ட. அது போதாதா? பாதிக் கண்ணாடிய எதிரி கூரைக்குக் குடுத்துட்டு, கொப்பரைய அழுக விடுறியே. அழுகுறது ஒன் சரக்கு குர்ஷித், அவரோடது இல்ல."

"அழுகட்டும் டீச்சர்."

"அவரு சொல்ல மாட்டாரு."

"சொல்லாம அவரு அங்க உக்காந்திருக்க முடியாது."

"கோபத்துல பேசுற."

"ஆமா" என்றாள் குர்ஷித். "அவரு கோபமே இல்லாமத்தான ஏத்திவிட்டாரு. இடுப்புல கைய வச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. 'பாத்துப் போயிட்டு வாடா'ன்னாரு. நான் வாசல்ல நின்னு கேட்டேன்."

டீச்சர் கொப்பரையில் கிடந்த கலங்கலைத் துடுப்பால் ஒருமுறை கிளறிப் பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழமை, சித்திரை பதினான்கு. காற்றில் அனல். அவர்கள் குடியிருக்கும் பேகம்பூர்ப் பகுதி ஆண்களெல்லாம் தொப்பியோடு பள்ளிவாசலுக்குப் போனார்கள். பாரூக் போகவில்லை. ஒரு ஆளும் மிஞ்சாத தொட்டியில் தனியாக, கூரையோரம் ஏணி சாத்தி, அண்டா அண்டாவாகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்.

குர்ஷித் நாற்பதாவது கண்ணாடியைப் பூட்டினாள். பாதையோரத்தில் நிறைந்த நான்கு சட்டத்தின் வெளிச்சமும் கூரையில் ஒரே இடத்தில் விழுந்தது. பாரூக் ஏணியில் ஏறி ஒரு குடம் ஊற்றினார். குபுகுபுவென்று ஆவி வந்தது. இறங்கி நிறைத்து, ஏறி ஊற்றினார். ஈரம் காய்வதற்குள் அடுத்த குடம். நாற்பது வெயிலுக்கு ஒரு கிழவர் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா!" என்று ஏணியிலிருந்தே கத்தினார். "ஒன் நாற்பது அம்புட்டுத்தான்! போய்க் கொப்பரையப் பாரு!"

குர்ஷித் கொப்பரையைப் பார்த்தாள். ஆறு நாளாகக் கரைந்தும் கரையாமலும் சேர்ந்த தோல் முழுதும் அதில் கிடந்தது. மீதி நான்கு சட்டத்தில் இருந்த நாற்பது கண்ணாடியின் வெளிச்சம் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் மொத்தமும் குப்பை.

"கருப்பணண்ணே" என்றாள். "அந்த நாலையும் திருப்பு."

"அம்மா, கொப்பரை..."

"திருப்புண்ணே."

கருப்பணன் நொண்டிக்கொண்டு போய் ஐந்தாவது சட்டத்தைத் திருப்பினான். ஆறாவது, ஏழாவது. எட்டாவதைக் குர்ஷித்தே பிடித்துத் திருப்பினாள். கொப்பரையின் வயிறு சட்டென்று இருண்டது. பாதைக்கு அந்தப் பக்கம், கூரையின் அந்த ஒரு முழத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

பாரூக் ஊற்றிய குடம் விழுந்த இடம் தெரியாமல் போயிற்று. அடுத்த குடத்துக்கு இறங்கினார். அவர் நிறைப்பதற்குள் ஆவி நின்று, வெள்ளையாகப் புகை வந்தது. ஏணியில் பாதி ஏறியவர் சூடு தாங்காமல் குடத்தைப் போட்டுவிட்டு இறங்கிப் பாதைக்கு ஓடிவந்தார். ஓரத்துக் கீற்று ஒன்று சுருண்டு, கறுத்தது.

"திருப்பு! ஏய், திருப்பச் சொல்லு அவன!"

"சொல்லுங்க. திருப்புறோம்."

"என்னத்தச் சொல்ல? உள்ளாற இருக்கிறது மொத்தமும் கட்டை! பத்திச்சுன்னா தெருவே போயிரும்!"

"அப்ப வெரசாச் சொல்லுங்க."

பள்ளிவாசல் தொழுகை முடிந்து ஆட்கள் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் முத்தவல்லி. புகையைப் பார்த்து எல்லாரும் வேகமாக நடந்தார்கள். பாரூக் அவர்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கூரையில் சின்னதாக, பகல் வெயிலில் சரியாகத் தெரியாத மாதிரி, ஒரு தீ எழுந்து நின்றது.

"தெரியும்!" என்று கத்தினார். "பிரேக்கு இல்லேன்னு தெரியும்! போதுமா? திருப்பு!"

கருப்பணன் சட்டத்தைப் பிடித்தபடி குர்ஷித்தின் முகத்தைப் பார்த்தான். "இன்னும் செத்த நேரம் புடிக்கட்டாம்மா?"

"புடிண்ணே" என்றாள் அவள். பிறகு பாரூக்கிடம், மரியாதை குறையாமல், "முத்தவல்லிக்குச் சரியாக் கேக்கல மச்சான். முழுசாச் சொல்லுங்க" என்றாள்.

"பிரேக்கு இல்லேன்னு இவன் சொன்னான்! முந்தின நாளே சொன்னான்! பயந்துக்கிட்டுத்தான் நான் ஏறல, தம்பிய ஏத்திவிட்டேன்! இவன் குடிக்கல, நான்தான் அப்படி எழுதவச்சேன்! அல்லாவுக்காகத் திருப்பும்மா!"

பாதையில் வந்த கூட்டம் முழுதும் அதைக் கேட்டது. நாற்பது ஐம்பது பேர். முத்தவல்லி கையில் செருப்போடு அப்படியே நின்றார்.

"திருப்புண்ணே" என்றாள் குர்ஷித்.

எட்டுச் சட்டமும் வானத்தைப் பார்த்துத் திரும்பின. ஆனால் கீற்றில் பிடித்தது பிடித்ததுதான். இளவட்டங்கள் ஓடிப்போய்க் கூரையைக் கம்பால் இழுத்துத் தரையில் தள்ளி, மண்ணை வாரிப் போட்டார்கள். கட்டை அடுக்கு தப்பித்தது. கீற்றுக்கொட்டகை போனது, மேஜை போனது. பாரூக் தலையில் கரியோடு பாதை நடுவில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. முத்தவல்லி மட்டும் அவர் பக்கத்தில் போய், "எந்திரி பாரூக். ஸ்டேஷனுக்குப் போவோம். இப்ப சொன்னத அங்கயும் சொல்லணும்" என்றார். பிறகு கருப்பணனைப் பார்த்து, "நீயும் வாப்பா" என்றார்.

நெருப்பு எப்படிப் பிடித்தது என்று ஏட்டு கேட்டாராம். கோடை என்று எழுதிக்கொள்ளும்படி முத்தவல்லி சொன்னாராம்.

கொப்பரையில் இருந்தது அவ்வளவும் அழுகித்தான் போயிற்று. சனிக்கிழமை குர்ஷித்தும் கருப்பணனும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி அதைப் புதைத்தார்கள். செபாஸ்தியம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ஆறு நாள் சரக்கு" என்றாள். "இப்பவாவது மனசு ஆறிச்சா?"

குர்ஷித் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். ஆறும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அந்த மனிதர் வாயால் வந்துவிட்டால் உள்ளே எரிகிறது அணைந்துவிடும் என்று எண்ணியிருந்தாள். நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள், அது உண்மை. காலையில் எழுந்தபோது ரஹ்மத்துல்லா இல்லை, அதுவும் உண்மை.

"இல்ல டீச்சர்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில், வண்டிக்காரன் சோலைமுத்து ஒரு வண்டி நிறையப் புளியங்கட்டையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"பெரிய பாய் குடுத்துவிட்டாருங்கம்மா. ஸ்டேஷன்ல எழுதி வாங்கிக்கிட்டு விட்டிருக்காக, கேஸு இனிமேத்தான். சும்மாத்தான். வாரா வாரம் அனுப்புறாராம். எங்கிட்டு எறக்கட்டும்?"

குர்ஷித் கட்டையைப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்த கட்டை. எண்பது கண்ணாடியும் கொப்பரையைப் பார்த்துத் திரும்பியாயிற்று, கருப்பணன் கடைசிச் சட்டத்தை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தான்.

"எறக்க வேணாம். எடுத்த எடத்துலயே கொண்டுபோயி அடுக்கிரு."

"கோவிச்சுக்காதீங்கம்மா. பாவம், மனுசன் ஒடுங்கிப் போயிட்டாரு."

"நான் கோவிக்கல சோலைமுத்து. செத்த நில்லு, ஒண்ணு கேக்கணும். திண்டுக்கல் பூரா விறகு எறக்குறது நீதான?"

"ஆமாங்கம்மா. பதினஞ்சு வருஷமா."

"வெந்நி காய்ச்ச, துணி அவிக்க, சாயம் காய்ச்சன்னு அவருகிட்ட வண்டி வண்டியா விறகு வாங்குறது யாரு யாருன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம? எல்லாம் நம்ம வாடிக்கைதான. எதுக்குங்கம்மா?"

"சொல்லு."

சோலைமுத்து மாட்டுக் கயிற்றை முளையில் சுற்றிவிட்டு விரலை மடக்கினான். "வெள்ளாவி வைக்கிற நாச்சிமுத்து ஒண்ணு. பெரிய லாட்ஜு, குளிக்க வெந்நி போடுவாக, அது ரெண்டு. சின்னாளபட்டிச் சாயப்பட்டறை நாலு இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரி..."

"மெதுவாச் சொல்லு" என்றாள் குர்ஷித். பிறகு முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கருப்பணண்ணே, தச்சர வரச்சொல்லிவிடு. மொத சட்டம் நாச்சிமுத்துக்கு."